மைக் வேலை செய்யவில்லை என்று மடிக்கணினியைக் கடையில் கொடுப்பதற்கு முன்

செலவே இல்லாமல் ஒரு நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டிய குறைக்கு, எங்கள் ஊரில் உள்ள கணினி சர்வீஸ் கடை ஒன்றில் 4,800 ரூபாய் கொடுத்ததோடு, மூன்று ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பாடத்தாள்களையும் இழந்து நிற்கிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே என்னிடம் சொல்லப்பட்ட அதே வார்த்தைகள் வேறு எந்தக் கடையிலும் உங்கள் காதில் விழலாம் என்பதால், நடந்ததை அப்படியே பதிவு செய்கிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இணையவழியில் கணிதம் சொல்லித் தருகிறேன். ஒரு திங்கட்கிழமை மாலை, முகம் தெரிகிறது, குரல் மட்டும் வரவில்லை என்று பிள்ளைகள் எழுதினார்கள். ஜூமில் மியூட் இல்லை. கணினியை அணைத்துப் போட்டும் பயனில்லை. அண்ணன் மகனின் யூஎஸ்பி ஹெட்செட்டை வாங்கிச் செருகினேன். பிள்ளைகள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் பேசுவது அவர்களுக்குப் போகவில்லை.

மறுநாள் கடைக்குக் கொண்டு சென்றபோது, "டிரைவர் கரப்ட் ஆகியிருக்கு மேடம், வெச்சுட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். மைக் போன்ற கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்தான் டிரைவர். மாலையில் தொலைபேசியில் பேச்சு மாறியது: மதர்போர்டில் ஆடியோ ஐசி, அதாவது ஒலியைக் கையாளும் சிப், போய்விட்டது, மாற்றினால்தான் ஆகும் என்றார். யூஎஸ்பி ஹெட்செட்டிலும் இதே குறைதான் இருந்தது என்று நான் சொன்னதற்கு, "அதுவும் அந்த ஐசி வழியாத்தான் போகும்" என்று தயங்காமல் பதில் சொன்னார். நம்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மைக் வேலை செய்தது, ஆனால் டெஸ்க்டாப் வெறுமையாக இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சி டிரைவை ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். என் பாடத்தாள்கள் எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் இருந்தன. ஜிஎஸ்டி எண்ணோ கடை முத்திரையோ இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் "ஐசி சேஞ்ச், ஓஎஸ், 4800" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் மறுபடியும் குரல் போகவில்லை. நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் மகன், "அத்தை, செட்டிங்ஸ்ல மைக்கை நான்தான் ஆஃப் பண்ணி வெச்சேன். யாரும் ஒட்டுக் கேட்கக் கூடாதுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. போன தடவையும் பண்ணினேன்" என்றான். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் மைக்ரோஃபோன் என்ற பக்கத்தைத் திறந்து, செயலிகளுக்கு மைக்கை அனுமதிக்கும் பொத்தான்களை ஆன் செய்தான். அந்த நொடியே என் குரல் மறுமுனைக்குக் கேட்டது. ஜூம், குரோம் போன்றவற்றுக்கு அதே பக்கத்தில் சற்றுக் கீழே "டெஸ்க்டாப் ஆப்ஸ்" என்று தனிப் பொத்தான் இருப்பதால், மேலே உள்ளதை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது.

பிறகு மடிக்கணினியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வாங்கிய கடையில் ஒரு திருகின் மேல் மாதமும் ஆண்டும் பேனாவால் எழுதி ஒட்டிய காகித சீல், ஓரங்களில் அழுக்கேறி, கிழியாமல் அப்படியே இருந்தது. அதைக் கிழிக்காமல் அடிமூடியைக் கழற்ற வழியில்லை. எந்த ஐசியும் மாற்றப்படவில்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டதில் அந்த அனுமதி பழையபடி ஆன் ஆனதுதான் நடந்த ஒரே பழுதுநீக்கம்.

ஹெட்செட்டைப் பற்றி அவர் சொன்னதும் பொய். யூஎஸ்பி ஹெட்செட்டுக்குள் அதற்கென்று தனி ஆடியோ சிப் இருக்கிறது; மதர்போர்டின் ஆடியோ ஐசியை அது தொடுவதே இல்லை. உள் மைக், யூஎஸ்பி மைக் இரண்டும் ஒரே நேரத்தில் ஊமையானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அனுமதியையும் அமைப்பையும்தான். யூஎஸ்பி மைக் பேசி, உள் மைக் மட்டும் பேசாமல் இருந்தால்தான் டிரைவர் பக்கம் போக வேண்டும். அப்போதும் டிவைஸ் மேனேஜரில் (கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸ் பக்கம்) அந்தக் கருவியை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுதொடக்கம் செய்தால் விண்டோஸ் டிரைவரைத் தானே மறுபடி ஏற்றிக்கொள்ளும். அண்மையில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு கெட்டிருந்தால், அதே இடத்தில் டிரைவர் தாவலில் உள்ள ரோல் பேக் பொத்தானால் பழையதற்குத் திரும்பலாம். இதற்கு விண்டோஸை அழித்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. ஐசி மாற்றியதாக யாராவது சொன்னால், கழற்றிய பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள். எண்ணுள்ள ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

சீலின் படத்தைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "அன்னைக்கு வேலை செஞ்சுதுல்ல மேடம்" என்பதற்கு மேல் கடையில் பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் படங்களையும் துண்டுச் சீட்டையும் வைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். பாடத்தாள்களைப் பழைய மாணவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுத் திரும்பப் பெற்று வருகிறேன். இதுவரை 31 வந்திருக்கின்றன.