பிரஷர் பிளஷ் கொமட்: திருகோணமலை வீட்டுக்குச் சரிவருமா?

தாங்கிக்குள் அடைபட்ட காற்றின் அமுக்கத்தால் நீரைத் தள்ளும் கொமட் இது. தண்ணீர் சரியாகக் கிடைத்தால் அருமையான சாமான். ஒரே அடியில் கழுவித் தள்ளும், அடைப்பும் குறைவு. ஆனால் உவர்மலையிலோ உப்புவெளியிலோ மொட்டைமாடித் தாங்கியை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். இதற்குக் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) நீரமுக்கம் வேண்டும். 20 அடி உயரத் தாங்கி ஏறக்குறைய 9 தான் தரும். 20 வர 46 அடி உயரம் தேவை. அதனால் பிரஷர் பம்பின் விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

பம்ப் இருந்தும் பிளஷ் வேகம் குறைந்தால், முதலில் கொமட்டுக்கு வரும் நீரைத் திறந்து மூடும் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வால்வை மூடி, பிளஷ் பண்ணி உள்ளமுக்கத்தை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் எதையும் கழற்றுவது ஆபத்து. பிறகு கொமட்டுக்கு வரும் குழாயைக் கழற்றி, வாளிக்குள் விட்டு வால்வைத் திறந்தால் 30 செக்கனில் 4 லீற்றராவது விழ வேண்டும். குறைந்தால் நுழைவாயில் வலையைக் கழுவுங்கள். கிணற்று மணல் அங்கேதான் தங்கும்.

தண்ணீர் போதுமென்றால் காற்று இழுக்கும் சின்ன வால்வைப் பாருங்கள். கொமட்டின் தாங்கி நிரம்பும்போது காற்று இழுக்கும் சத்தம் கேட்காவிட்டால் அது அடைபட்டிருக்கிறது. காற்றில்லாத தாங்கியில் உந்தித்தள்ள எதுவும் இராது. கழற்றி அலசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோப்பைக்குள் ஓயாமல் நீர் கசிந்தால் பிளஷ் நீரைத் திறந்து மூடும் காட்ரிஜின் சீல் போய்விட்டது. அந்த உதிரிப்பாகம் கடையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கொமட்டுக்குக் காசு கட்டுங்கள்.