வானியல் மன்றத்தின் விருந்தினர் உரைகள்: பல ஆண்டுகள் கேட்டபின் ஒரு மதிப்பீடு

வானியல் ஆர்வலர் மன்றம் ஒன்றில் பல ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். மாதந்தோறும் நடக்கும் விருந்தினர் உரைகளைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. சொந்தமாகத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள்கூட இந்த உரைகளுக்குப் போவதால் என்ன பயன் என்று கேட்பதுண்டு. அடுத்த தெளிந்த இரவில் வானத்தில் எதைப் பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது என்பதைக் கேட்பவருக்குத் தெரியவைக்கும் உரையையே நான் நல்ல உரை என்பேன். பேச்சாளரின் பதவிக்கும் புகழுக்கும் அதில் பங்கு குறைவு என்பதே இத்தனை காலம் கேட்டதில் நான் கண்டது.

எனக்கு மிக அதிகம் தந்தது, பொலிவு கூடியும் குறைந்தும் வரும் மாறொளி விண்மீன்களைப் பற்றிய ஓர் உரை. பேசியவர் தொழில்முறை வானியலாளர் அல்லர். விண்மீன்களின் பொலிவைக் கண்ணாலேயே மதிப்பிட்டு, 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர்கள் சங்கத்துக்கு நெடுங்காலமாக அனுப்பிவருபவர். பேசத் தொடங்கும் முன்பே ஒவ்வொருவர் கையிலும் ஒரு விண்மீன் வரைபடத்தைக் கொடுத்தார். அதில் சில விண்மீன்களின் அருகே 58, 65, 71 என்ற எண்கள் இருந்தன. அவை 5.8, 6.5, 7.1 ஆகிய பொலிவெண்களை (எண் கூடக்கூட விண்மீன் மங்கலாக இருக்கும்) குறிப்பவை என்றும், தசமப் புள்ளியை அச்சிட்டால் அதுவும் ஒரு விண்மீனாகக் கண்ணுக்குப் படும் என்பதால் விட்டுவிடுவதே வழக்கம் என்றும் சொன்னார். பிறகு விளக்குகளை அணைத்து, அதே வானப் பகுதியைத் திரையில் காட்டி, நடுவிலிருந்த சிவந்த விண்மீனின் பொலிவை அக்கம்பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு எங்களையே எழுதச் சொன்னார். ஒரே அறையில் இருந்தவர்களின் விடைகள் கணிசமாக வேறுபட்டன. சிவந்த விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது கூடுதல் பொலிவாகத் தோன்றும், ஆகவே சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்க வேண்டும் என்று அவர் விளக்கியபோது, காரணம் எங்கள் கையிலிருந்த தாளிலேயே தெரிந்தது.

2019இன் இறுதியில், ஓரியன் விண்மீன் கூட்டத்தின் ஒரு தோளாகத் தெரியும் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கியபோது அந்தப் பயிற்சி உடனே பயன்பட்டது. வழக்கமாக 0.5 அளவில் இருக்கும் அதன் பொலிவெண், 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ 1.6 வரை போனது. ரோகிணியைவிட மங்கிப்போய், ஓரியனின் மற்றத் தோளிலுள்ள பெல்லாட்ரிக்ஸோடு ஒப்பிட வேண்டிய நிலைக்கு வந்திருந்ததை எங்கள் உறுப்பினர்கள் எந்தக் கருவியும் இன்றித் தாங்களே கண்டார்கள். அது வெடிக்கப்போகிறதா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் வந்த விருந்தினர், ஆரூடம் எதுவும் சொல்லாமல், எங்கள் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்து, அந்த எண்களைக் கொண்டே பொலிவு நாளடைவில் மாறியதைக் காட்டும் ஓர் ஒளிவளைகோட்டைப் பலகையில் வரைந்தார். விண்மீன் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்தது என்ற விளக்கம் 2021இல் ஆய்வேடாக வெளிவந்தபோது, எங்களில் பலர் அதைத் தங்கள் வேலையின் தொடர்ச்சியாகவே படித்தோம்.

சிறுகோள் மறைப்புகளைப் பற்றிய உரையும் அந்த வரிசையில் வைக்கத் தக்கது. ஒரு சிறுகோள் விண்மீன் ஒன்றின் முன்னே கடக்கும்போது சில நொடிகள் ஒளி அணைந்து மீளும். வெவ்வேறு இடங்களிலிருந்து அந்த நொடிகளைத் துல்லியமாக அளந்தால், ஒவ்வோர் அளவும் சிறுகோளின் உருவத்தில் ஒரு குறுக்குக்கோடாக விழும். மறைப்பே நிகழவில்லை என்று பதிவுசெய்யும் நோக்கரும் உருவத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைக் காட்டுகிறார் என்ற செய்தி, வெறுங்கையோடு திரும்பிய இரவுகள் உள்ள எவருக்கும் மிகுந்த ஊக்கம் தருவது. சாரிக்லோ என்ற சிறுகோளைச் சுற்றிய வளையங்கள் 2013இல் இந்த முறையில்தான் கண்டறியப்பட்டன.

ஏமாற்றம் தந்த உரைகளும் உண்டு. அவை பெரும்பாலும் ஆய்வு மாநாட்டுக்கெனத் தயாரித்த ஸ்லைடுகளை அப்படியே கொண்டுவந்தவை. வரைபடத்தின் அச்சுகள் எதைக் குறிக்கின்றன என்று சொல்வதற்குள் அடுத்த படம் வந்துவிடும். இதில் பேச்சாளரைவிட மன்றத்துக்கே பொறுப்பு அதிகம் என்று கருதுகிறேன். கேட்பவர்கள் யார், அவர்களிடம் எத்தகைய தொலைநோக்கிகள் உள்ளன, அந்தப் பருவத்தில் எந்தப் பொருள்கள் வானில் தெரியும் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பத் தொடங்கியபின் உரைகளின் தரம் கண்கூடாக உயர்ந்தது. வானப் புகைப்பட உரைகளில் முடிவுப் படங்களை மட்டும் காட்டியவை மனத்தில் நிற்கவில்லை. பதப்படுத்தாத ஒற்றைப் படத்தை முதலில் காட்டி, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலோடு ஒப்பிடும்போது ஒளி இருமடங்காகத் துலங்க நான்கு மடங்கு படங்களைச் சேர்க்க வேண்டும் என்று விளக்கியவரின் உரை மட்டும் நிற்கிறது.

இணையவழி உரைகளால் தொலைவிலுள்ள ஆய்வாளர்களையும் கேட்க முடிந்தது என்பது பெரிய ஆதாயம்தான். ஆயினும் உரை முடிந்தபின் மேசையருகே நின்று, தன் தொலைநோக்கியின் ஆடிகளை ஒருங்கமைப்பதில் உள்ள சிக்கலை ஒரு புதியவர் தயங்கித் தயங்கிக் கேட்பதற்கான இடம் அதில் இல்லை. எனவே வாய்ப்புள்ளவர்கள் நேரிலேயே போவது நல்லது.

சேர எண்ணுபவர்கள் முதலில் மன்றத்தின் மாத அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நிலவொளி மிகுந்த முழுநிலவு வாரத்தில் உரையும், இருண்ட அமாவாசை வாரத்தில் வான்நோக்கலும் வைத்திருந்தால், கேட்டதை மறப்பதற்குள் பார்த்துவிட முடியும். கேள்வி நேரத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் விடும் மன்றமாக இருந்தால் தயங்காமல் சேரலாம்.