கிறிஸ்டல் ரிவர் மானட்டி நீச்சல்: குளிர் நாளில் போனால்தான் காசு தேறும்

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், டாம்பாவுக்கு வடக்கே காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிற சிற்றூர் கிறிஸ்டல் ரிவர். மானட்டி என்ற கடற்பசு இனம் காட்டு நிலையில் வாழும் நீரில் இறங்கி நீந்த இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. படகு நிறுவனங்கள் பல. கட்டணத்தைவிட, போகிற நாளும் கூட வரும் வழிகாட்டியும்தான் அனுபவத்தைத் தீர்மானிக்கின்றன.

மானட்டி நம் பாக் நீரிணை ஆவுளியாவுக்குப் (டுகாங்) பங்காளி முறை. ஆவுளியாவுக்குத் திமிங்கிலம் போலப் பிளந்த வால், இதற்கு வட்டத் துடுப்பு. 3 மீட்டர் நீளம், 450 கிலோவும் அதற்கு மேலும். தின்பது நீர்ப்புல், கடித்துக் குதறும் முன்பற்களே கிடையாது. ஆளைக் கண்டால் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், இல்லையேல் தானே வந்து முகர்ந்து பார்க்கும்.

இவ்வளவு பெரிய உடம்பில் குளிரைத் தடுக்கும் கொழுப்புப் படலம் மெல்லியது. கடல் நீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. ஊரை ஒட்டிய கிங்ஸ் பே விரிகுடாவின் ஊற்றுகளில் ஆண்டு முழுவதும் 22 டிகிரி; குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வருவது அதற்காகத்தான். சீசன் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை. அதற்குள்ளும் இரண்டு மூன்று இரவு நன்றாகக் குளிர்ந்த பிறகு வரும் வார நாளைப் பாருங்கள். வெயில் காய்ந்த ஜனவரிப் பிற்பகலில் அவை மேய்ச்சலுக்குப் பிரிந்துவிடும். கோடையிலும் படகு ஓட்டுகிறார்கள். ஆனால் தங்கியிருக்கும் சிலவற்றைத் தேடி அலைய வேண்டிவரும்.

விடியற்காலை முதல் படகையே பதிவு செய்யுங்கள். காரணம் எளிது: அடியில் வண்டல். நாலு குழு இறங்கிக் காலை உதைத்தால் தண்ணீர் கலங்கிவிடும், பிறகு கையெட்டும் தூரத்தில் இருக்கும் விலங்கும் தெரியாது. துடுப்புக் காலணி தராத நிறுவனம் என்றால் நல்ல அறிகுறி என்று கொள்ளுங்கள்.

குளிரைத் தடுக்கும் ரப்பர் நீச்சலுடையான வெட்சூட் கட்டணத்தில் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். 22 டிகிரி இதமாகத்தான் தோன்றும், அரை மணியில் பல் கிட்டும். 3 மில்லிமீட்டர் தடிமன் குறைந்தபட்சம், 5 இருந்தால் நிம்மதி. நடுங்குகிறவர் கை கால் ஆட்டுவார், விலங்கு விலகும். வெட்சூட் மிதக்கவும் வைக்கும் என்பதால் நீச்சல் தெரியாதவரும் மிதக்கும் நுரைக் குழாயை (நூடுல்) மார்புக்கடியில் கொடுத்து முகம் கவிழ்ந்து மிதக்கலாம். மீசைக்காரர்களுக்கு நீச்சல் மாஸ்க் ஒழுகும். விளிம்பில் கொஞ்சம் வாசலின் தடவினால் அடங்கும். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது.

இறங்குமுன் விதிகளைச் சொல்லும் காணொளியைக் காட்டுவார்கள். துரத்தக் கூடாது, சூழக் கூடாது, தாயையும் குட்டியையும் பிரிக்கக் கூடாது, தூங்குவதைத் தொந்தரவு செய்யக் கூடாது, தீனி போடக் கூடாது, கயிறு கட்டிய சரணாலயப் பகுதிக்குள் நுழையக் கூடாது. வழிகாட்டி கூடவே தண்ணீரில் இறங்குவாரா, படகிலிருந்து கை காட்டுவாரா என்பதைக் கேட்டுப் பாருங்கள். படகிலேயே நிற்கிறவரால் இதில் எதையும் கட்டுப்படுத்த முடியாது. "தொட்டுப் பார்க்கலாம்" என்று ஆசை காட்டும் இடத்தை ஒதுக்கிவிடுங்கள். ஓய்வில் இருக்கும் மானட்டி மூச்செடுக்க மேலே வர 20 நிமிடம் வரைகூட ஆகலாம். அசையாமல் காத்திருந்தால் அதுவே பக்கத்தில் எழும். பல முதுகுகளில் படகு விசிறி கிழித்த வெள்ளைத் தழும்புகளைப் பார்ப்பீர்கள். ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்பது அந்தத் தழும்புகளை வைத்துத்தான்.

ஏமாற்றம் பெரும்பாலும் த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றில்தான். புகைப்படங்களில் வரும் அந்த நீலத் தண்ணீர் இங்கேதான்; கடுங்குளிரில் விலங்குகள் நெருக்கமாகக் குவியும்போது நீந்துவோருக்கு இதை மூடிவிடுவார்கள். விலங்குக்கு அது நியாயம். ஆனால் அன்று வேறெங்கே கூட்டிப்போவார்கள், பணம் திரும்புமா என்று பதிவின்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதான பெற்றோரையும் கைக்குழந்தையையும் கூட்டிப் போகிறவர்களுக்குப் படகே வேண்டாம். அதே ஊற்றைச் சுற்றி மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். நீந்தத் தடை விதித்த நாளில் மேலிருந்து பார்த்தால் அடிவரை தெளிவாகத் தெரியும். போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், தண்ணீர் மேல் அடிக்கும் கூச்சம் போய்விடும்.