விரதம் என்று சொல்லும் பிள்ளைகள்: கையில் ஆயிரமா, தட்டில் சோறா?

எங்கள் பக்கம் செவ்வாய், வெள்ளி விரதம் இருக்கிற பிள்ளைகள் அதிகம். அதனால் முதலாமாண்டு மாணவி ஒருத்தி மதிய இடைவேளையில் பெஞ்சை விட்டு எழுந்திருக்காமல், "விரதம் மேம்" என்று சொன்னதை நான் அப்படியே நம்பிவிட்டேன். அடுத்த நாள் புதன்கிழமை. அன்றைக்கும் விரதம்தான். பக்கத்துப் பிள்ளை அவள் கையைப் பிடித்து, "வாடி, என் டப்பாவுல ரெண்டு வாய் சாப்பிடு" என்று இழுத்தாள். இவள் போகவில்லை. குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் அரசுக் கல்லூரிகளில் பல வருடம் கௌரவ விரிவுரையாளராக இருந்தவள் நான். அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். "பசிக்கல", "வயிறு சரியில்ல", "காலையில நெறைய சாப்ட்டேன்" என்று வகுப்புக்கு நாலைந்து பேர் தினமும் சொன்னார்கள். பெரும்பாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வீட்டில் அரிசியே இல்லை என்பதல்ல பிரச்சினை. ரேஷன் அரிசி 2011 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. முக்கூடல் பக்கமிருந்து ஒரு பிள்ளை முதல் மணிக்கு வந்து சேர வேண்டுமென்றால் ஆறரை, ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அம்மா ராத்திரி பதினொன்று வரை பீடி சுற்றியவள். காலையில் உலை வைப்பதற்குள் பிள்ளை பஸ் ஏறிவிடுகிறாள். வீட்டில் இருப்பது பழையது. அதை வெங்காயமும் நேற்றைய குழம்பும் வைத்து வீட்டில் சாப்பிடலாம், டிபன் பாக்ஸில் அடைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போக முடியாது. பஸ் வெக்கையில் மதியத்துக்குள் புளித்து மணம் வந்துவிடும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் திரும்பிப் பார்ப்பாள்.

இதே பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு வரை பள்ளியில் சத்துணவு உண்டு, முட்டையும் உண்டு. பிளஸ் ஒன் சேர்ந்ததும் அது நின்றுவிடுகிறது. நன்றாகச் சாப்பிட வேண்டிய வயதில் ஐந்து வருடம் மதியத்துக்கு ஏற்பாடே கிடையாது. இதற்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம் நாலைந்து வழிகள் சொல்லப்படுகின்றன. நான் பார்த்த அளவில் ஒவ்வொன்றும் எது வரைக்கும் போகும் என்று எழுதுகிறேன்.

முதலில் பணம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 ஆகஸ்ட் 9 முதல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் பணத்தைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று இருந்த வீடுகளில், "மாசம் ஆயிரம் வருதுல்லா, படிக்கட்டும்" என்று பேச்சு மாறியதை நேரில் கேட்டிருக்கிறேன். இதில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஆனால் அந்த ஆயிரம் சோறாக மாறுகிறதா? மாதம் 25 கல்லூரி நாள் என்று வைத்தால் நாளுக்கு 40 ரூபாய். கணக்குப்படி அதில் ஒரு வேளை சாப்பிடலாம். என் மாணவிகளிடம் பணம் எங்கே போகிறது என்று கேட்டால், மகளிர் குழுக் கடன் தவணை, தேர்வுக் கட்டணம், தம்பிக்கு நோட்டு, போன் ரீசார்ஜ் என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாமே நியாயமான செலவு. வீட்டுக்கே பணம் போதாதபோது எந்தப் பெண் பிள்ளையும் தனக்கு மட்டும் சாப்பாடு வாங்கித் தின்ன மாட்டாள். அப்புறம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அந்தப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. கடன் வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்துப் பார்த்த கூலி வீட்டுப் பிள்ளைகள் இதில் விழுந்துவிடுகிறார்கள்.

விடுதி இதற்கு நேர் எதிர். இடம் கிடைத்துவிட்டால் மூன்று வேளையும் சாப்பாடு உண்டு, யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம். நலத்துறை விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படியை மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தினார்கள். நாளுக்கு 50 ரூபாயில் மூன்று வேளை என்பது இறுக்கமான கணக்குதான். சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்ற புகார் ஓயாது. இருந்தாலும் என் வகுப்பில் காலை முதல் மணி நேரத்தில் கண் சொருகாமல் இருந்தவர்கள் விடுதிப் பிள்ளைகள்தான். விடுதிக்கு இடம் கம்மி என்பது ஒரு பக்கம். பஸ்ஸில் வந்து போகும் பிள்ளைகள் சாயங்காலம் வீட்டில் பீடி சுற்றவும் தண்ணீர் பிடிக்கவும் தேவைப்படுகிறார்கள், அவர்களை வீட்டில் விடுதிக்கு விட மாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம்.

அடுத்து அம்மா உணவகம். 2013இல் சென்னையில் தொடங்கி அந்த வருடமே நம் திருநெல்வேலி மாநகராட்சிக்கும் வந்தது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. வருமானச் சான்று, பெயர்ப் பட்டியல் எதுவும் கிடையாது. காசைக் கொடு, தட்டை வாங்கு, அவ்வளவுதான். ஆட்டோக்காரரும் படித்த பையனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சாப்பிடுவார்கள். இந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது ஊருக்குள் இருக்கிறது, நம் கல்லூரிகளோ இடம் கிடைத்த இடத்தில் ஊருக்கு வெளியே இருக்கின்றன. அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் மதியம் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது நடக்காது. கோயில் அன்னதானத்துக்கும் இதே சிக்கல். அது மதியம், வகுப்பு நேரம். மேலப்பாளையத்து முஸ்லிம் பிள்ளை கோயில் பந்தியில் வந்து உட்கார மாட்டாள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் கல்லூரிகளுக்குள்ளேயே மளிகை அலமாரி வைத்திருக்கிறார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் உணவு வங்கி 1993இல் தொடங்கியது. டப்பா உணவு, அரிசி, மாவு எடுத்துக்கொண்டு போய்ச் சமைத்துக்கொள்ளலாம். தனி அறை எடுத்துத் தங்கும் அந்த ஊர் மாணவர்களுக்கு அது சரி. நம் பிள்ளைக்கு அரிசிப் பை கொடுத்தால் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள், மத்தியானப் பசி அப்படியே இருக்கும். அந்த நாட்டின் அரசு உணவு உதவியில் இன்னொரு விதி உண்டு: பாதி நேரமோ அதற்கு மேலோ கல்லூரியில் படிக்கிற மாணவர், விதிவிலக்கு இல்லையென்றால், வாரம் 20 மணி நேரம் வேலையும் பார்த்தாக வேண்டும். படித்தபோது எனக்கு எங்கள் பையன்கள் ஞாபகம் வந்தார்கள். முகூர்த்த நாளில் என் வகுப்பில் கடைசி இரண்டு பெஞ்சு காலியாக இருக்கும். எல்லாரும் கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பார்கள், கூலியும் கிடைக்கும், இலைச் சாப்பாடும் கிடைக்கும். ராத்திரி பரோட்டாக் கடையில் நிற்கிறவனுக்கும் சம்பளத்தோடு சாப்பாடு. மறுநாள் காலையில் அவன் தூங்குகிறான் என்று வருகைப்பதிவில் கை வைக்க எனக்கு மனசு வந்ததில்லை.

கடைசியாக, கல்லூரிக்குள்ளேயே சமைத்துப் போடுவது. இதை நாங்கள் நாலைந்து ஆசிரியர்கள் சின்ன அளவில் செய்து பார்த்தோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொண்டைக்கடலைச் சுண்டல், மேலே தேங்காய்ப்பூ. பதினொரு மணி இடைவேளைக்கு. முதல் வாரம், தேவையுள்ள பிள்ளைகள் துறையில் பெயர் கொடுங்கள் என்றோம். மொத்தக் கல்லூரியில் பதினோரு பேர் கொடுத்தார்கள். நான் தேடிய பிள்ளை அதில் இல்லை. இரண்டாவது வாரம் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு அண்டாவை வேப்ப மரத்தடியில் வைத்தோம். யார் வேண்டுமானாலும் வரலாம், தொன்னையை நீட்டலாம். பத்து நிமிடத்தில் அண்டா காலி. காரில் வந்து இறங்கும் பிள்ளையும் தின்றது, அதனாலேயே மற்றவர்களும் தின்றார்கள். என் விரதக்காரி மூன்றாம் நாள் வந்தாள். ஒன்றும் பேசாமல் தின்றுவிட்டுத் திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

எங்கள் சம்பளத்தில் அது ஒன்றரை மாதம்தான் ஓடியது.

நிறுத்தும்போது மாணவிகளிடம் பேசினோம். இலவசமாக மதியச் சாப்பாடு வந்தால் நல்லதுதானே என்று நான் கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: "ஓசின்னா கொஞ்ச பேருதான் மேம் வருவோம். அஞ்சு ரூவான்னா எல்லாரும் வருவோம்." டவுன் பஸ்ஸில் அந்த ஓசி என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்தவள் அவள். அதுவரைக்கும் இலவசம்தான் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஐந்து ரூபாய்தான் சரி என்று நினைக்கிறேன். அந்த ஐந்தும் இல்லாத நாளில் டோக்கனைத் தோழியே எடுத்துக் கொடுத்துவிடுவாள். "என் டப்பாவுல சாப்பிடு" என்பதற்கும், "ரெண்டு டோக்கன் எடுத்துட்டேன், வா" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஆக, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால்கூட ஆயிரத்தை எடுத்துவிட்டுச் சோறு போடச் சொல்ல மாட்டேன். ஆயிரம் பிள்ளையைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. வந்து சேர்ந்தவளுக்கு மத்தியானம் என்ன என்ற கேள்விக்கு, நான் பார்த்த வழிகளில் வளாகத்துச் சாப்பாடு மட்டும்தான் பதில் சொல்கிறது.

பெரிய பிள்ளைகளுக்கு அரசாங்கம் எதற்குச் சோறு போட வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பள்ளியில் சோறு போடுவதும் ஒரு காலத்தில் புதிதாகத்தான் இருந்தது. 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த எட்டயபுரம் அப்போது நம் திருநெல்வேலி மாவட்டம். ஊர்க்காரர்களின் பங்களிப்போடு ஆரம்பித்ததை அரசு எடுத்து நடத்தியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். 2022இல் தொடக்கப் பள்ளிக்குக் காலை உணவும் வந்துவிட்டது. கல்லூரி வாசல்தான் பாக்கி.

ஆள் புதிதாகத் தேட வேண்டியதில்லை. அம்மா உணவகத்தில் சமைப்பதே மகளிர் குழுப் பெண்கள்தான், அதே ஏற்பாட்டைக் கல்லூரி கேன்டீனுக்குக் கொண்டுவரலாம். இரண்டு ஷிஃப்ட் நடக்கும் கல்லூரியில் முதலில் தொடங்குவது நல்லது. காலை ஷிஃப்ட் பிள்ளைகள் வீட்டுக்குப் பஸ் ஏறுகிற நேரமும் மதிய ஷிஃப்ட் பிள்ளைகள் வந்து இறங்குகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மணியைத் தாண்டி ஒரே அண்டா சாம்பார் சாதத்தை இறக்கி வைத்தால் போகிறவர்களும் சாப்பிடலாம், வருகிறவர்களும் சாப்பிடலாம்.