பூநாரை பார்க்க: பழவேற்காடா, கோடியக்கரையா?

சென்னையில் இருப்பவருக்கு ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் பழவேற்காடு போதும். விடியும் முன் கிளம்பிப் போய், ஏரிக்கரையிலிருந்து பார்க்கலாம். பறவைகள் தென்பட்டதும் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். கிட்டே போனால் கூட்டமே எழுந்துவிடும், அவை மேய்வதும் கெடும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. இன்னொரு நாள் இருந்தால் அந்தப் பக்கம், கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலப்பட்டுக்கும் போய் வரலாம்.

கோடியக்கரைக்கு இரண்டு இரவாவது வேண்டும். ஆனால் என் ஓட்டு அதற்குத்தான். 1967-இல் சரணாலயமான இடம். சேற்று வெளியில் பூநாரையோடு கொசு உள்ளான் போன்ற சின்னஞ்சிறு கரைப்பறவைகளும் ஆயிரக்கணக்கில் இரை தேடும். வடக்கே வெகுதொலைவிலிருந்து வலசை வந்தவை அவை. எல்லாம் ஒரே மாதிரி தெரியும், அலகையும் காலையும் வைத்துப் பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். அதனால் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் இங்கே வீணாகாது. அப்புறம், புல்வெளியில் வெளிமான்களும் உண்டு.

இரண்டுக்குமே டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். கோடியக்கரையில் மட்டும் மழை விட்டிருக்கிறதா, உள்ளே விடுகிறார்களா என்று வனத்துறையிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.