காரத்தை எதை வைத்து அளப்பது? டர்பன் மசாலாக் கடை முன்னால் ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மசாலாத் தூளைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டையைச் செருகி வைத்திருப்பார்கள். பேர்போனது ‘மதர் இன் லா எக்ஸ்டெர்மினேட்டர்’, அதாவது மாமியாரை ஒழித்துக்கட்டும் தூள். சுற்றுலா வருபவர்கள் முதலில் படம் எடுப்பது அதைத்தான். படம் எடுக்கிறவருக்குப் பெயர் போதும். கால் கிலோ வாங்கிப் போய் ஆட்டுக்கறி வைக்கிறவருக்கு அது எவ்வளவு காரம் என்று தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்ல இன்று நான்கைந்து வழிகள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

முதலில் இந்த அட்டைகள். ஒரே கடையில் தொடர்ந்து வாங்குகிறவருக்கு இவை நல்ல வழிகாட்டி. கலப்பது ஒரே ஆள், சுவை பார்ப்பதும் ஒரே நாக்கு. ஆனால் அடுத்த கடைக்குப் போனால் அதே பெயரில் வேறு தூள் இருக்கும். நான் வாங்கும் கடையில் இருக்கும் வயதான ஆன்ட்டி புது ஆள் வந்தால் அட்டையைப் படிக்கவே விடமாட்டார். “எத்தனை பேருக்கு? பிள்ளைங்களும் சாப்பிடுமா?” என்று கேட்பார். பிறகு காஷ்மீரி மிளகாய்த் தூளில் இரண்டு கரண்டி, பக்கத்துக் குவியலில் ஒன்று என்று அள்ளிப் போடுவார். காஷ்மீரி நிறத்துக்கு, மற்றது உறைப்புக்கு. டர்பன் கறியின் செக்கச்சிவப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மிளகாய்க்குச் சிவப்பு தருவது வேறு பொருள், காரம் தருவது வேறு பொருள். காஷ்மீரி வகையின் காரம் பெரும்பாலும் 1,000 முதல் 2,000 ஸ்கோவில்தான் (ஸ்கோவில் என்பது காரத்தின் அலகு, அதன் கதை கீழே வரும்). நிறத்தை வைத்துக் காரத்தைக் கணிப்பவர் ஏமாந்துதான் போவார்.

பாக்கெட்டில் அச்சடிக்கும் தீச்சுவாலைப் படமும், உணவகங்களின் ‘மைல்ட், ஹாட், எக்ஸ்ட்ரா ஹாட்’ வரிசையும் இதே ரகம். 1987-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் தொடங்கிய நாண்டோஸ் உணவகம் தன் பெரி பெரி மிளகாய்க் கோழிக்கு வைத்திருக்கும் வரிசை அவர்கள் கடைக்குள் சரியாக வேலை செய்கிறது. அந்த ‘ஹாட்’டை நினைத்துக்கொண்டு மார்க்கெட்டில் ‘ஹாட்’ கேட்டால் வயிறு பதில் சொல்லும்.

அப்புறம் எண்கள். 1912-இல் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில், பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தபோது தொடங்கி வைத்தது இது. காய்ந்த மிளகாயை ஆல்கஹாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக் கரைத்து ஐந்து பேரிடம் கொடுத்தார்கள். எத்தனை மடங்கு கரைத்தால் காரம் தெரிந்தும் தெரியாமலும் நிற்கிறதோ அதுவே அதன் மதிப்பு. இந்த அளவில் ஹலபீன்யோ மிளகாய் 2,500 முதல் 8,000 வரை. கேயென் 30,000 முதல் 50,000. ஹபனேரோ 1,00,000-இல் தொடங்கி 3,50,000 வரை போகும். ஒரே வகைக்குள் இவ்வளவு அகலம் இருக்கும்போது, பாக்கெட்டில் ஒற்றை எண்ணைப் பெரிதாகப் போடுவதில் பாதி விளம்பரம்தான். மண், வெயில், தண்ணீர், பறித்த பருவம் எல்லாம் காரத்தை மாற்றும். ஒரு செடியின் இரண்டு காய்களே ஒன்றுபோல இருப்பதில்லை.

ஸ்கோவில் முறைமீது எல்லோரும் சொல்லும் குறை, நாக்கை நம்புகிறது என்பது. உண்மைதான். நாக்கு சீக்கிரம் மரத்துப்போகும். தினமும் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்கிறவரின் நாக்கும் அதைத் தொடாதவரின் நாக்கும் ஒன்றல்ல. அதனால் ஆய்வகங்கள் நீர்ம நிறப்பிரிகைக் கருவிக்கு மாறின. சாற்றைச் செலுத்தினால், மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசினையும் அதன் நெருங்கிய உறவான டைஹைட்ரோகேப்சைசினையும் தனித்தனியாகப் பிரித்து, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்லிவிடும். சுத்தமான கேப்சைசின் 1,60,00,000 ஸ்கோவில் என்பதால் அந்தப் பங்கை 16-ஆல் பெருக்குகிறார்கள். சில ஆய்வகங்கள் 15-ஆல் பெருக்கும். 2,000 பங்கு உள்ள ஒரே தூள் ஓர் அறிக்கையில் 32,000 ஆகவும் இன்னொன்றில் 30,000 ஆகவும் வர இதுவே போதும்.

இன்னொரு விஷயம் அதைவிடப் பெரியது. இந்த எண்கள் காய்ந்த எடைக்கு உரியவை. பச்சை மிளகாயில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னே தண்ணீர். 50,000 என்று சொல்லப்படும் காயைப் பச்சையாக நறுக்கிப் போட்டால், எடைக்கு எடை குழம்பில் சேர்வது ஐயாயிரம் சொச்சம்தான். காய்ந்த மிளகாய்க்குப் பதிலாகப் பச்சை மிளகாய் போடுகிறவர்கள் எண்ணை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். சாதனைப் பட்டியலுக்கு வேண்டுமானால் கருவி அவசியம்: 2023-இல் கின்னஸில் ஏறிய பெப்பர் எக்ஸ் மிளகாயின் சராசரி 26,93,000. அந்த அளவில் யார் நாக்கை நீட்டி அளப்பது?

சமையலறைக்கு என்றால் என் ஓட்டு, எல்லோரும் கேலி செய்யும் அந்தப் பழைய கரைசல் முறைக்குத்தான். அது என் கையில் இருக்கும் தூளையே அளக்கிறது. சாப்பிடப்போகும் நாக்குகளையே கருவியாக்குகிறது. செய்வதும் சுலபம். ஒரு கிராம் தூளை 100 மில்லி வோட்காவில் போட்டு, மூடி, இரவு முழுவதும் வையுங்கள். காலையில் காபி வடிகட்டும் தாளில் வடித்தால் ஆரஞ்சு நிறத்தில் தெளிவாக இறங்கும். அதில் ஒரு மில்லியை ஊசி போடும் சிரிஞ்சில் (ஊசி இல்லாமல்!) எடுத்து ஒரு லிட்டர் சர்க்கரைத் தண்ணீரில் விட்டால் அது லட்சம் மடங்கு. 300 மில்லியில் விட்டால் முப்பதாயிரம். 50 மில்லியில் ஐயாயிரம். நீர்த்ததிலிருந்து தொடங்குங்கள். கெட்டியானதில் தொடங்கினால் அடுத்தது எதுவுமே தெரியாது. ஒரு வாய் கொப்பளித்துத் துப்பி, அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். மிளகாய்க் காரம் உப்புபோல உடனே வராது, தொண்டைப் பக்கத்திலிருந்து மெதுவாக ஏறும். ஏறினால் பாலைக் குடியுங்கள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, பாலிலுள்ள கேசின் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு போகும். ஒரு நாளைக்கு ஒரு தூள் போதும்.

கிடைக்கும் எண்ணை ஆய்வக எண்ணோடு ஒப்பிடாதீர்கள். பழைய தூளும் புதுத் தூளும் ஒரே வீட்டு நாக்கில் எப்படி நிற்கின்றன என்பதே வேண்டியது. பழையது முப்பதாயிரத்தில் நின்று, புதியது அறுபதாயிரத்தில் நின்றால், ஒரு கரண்டி போட்ட கறிக்கு இனி அரைக் கரண்டி போதும். எந்த அட்டையும் இவ்வளவு நேராகச் சொல்லாது.

மாங்காய் ஆச்சார் (ஊறுகாய்) போட்டுக் கடைகளுக்கு விற்கிறவர்களுக்கு இது உதவாது. அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே காரம் வர வேண்டும். ஆய்வகத்துக்குக் காசு கொடுப்பதே மேல். கரோலைனா ரீப்பர் என்ற கடுங்கார மிளகாயின் தூளை ஆன்லைனில் வாங்கி வைத்திருப்பவர்களும் வீட்டில் முயல வேண்டாம். 2017-இல் பதிவான அதன் சராசரி 16,41,183. நம் கணக்குப்படி ஒரு மில்லி சாற்றுக்குப் பதினாறு லிட்டருக்கு மேல் சர்க்கரைத் தண்ணீர் கரைக்க வேண்டும், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு.