ஃபிளாஷுக்கு ஏஏ செல்லா, லித்தியம் பேட்டரியா?

கல்யாணப் படமெடுக்கும் வேலைக்கு இன்னொரு கேமரா ஃபிளாஷ் தேவைப்பட்டபோது, கடைசியில் கையில் மிஞ்சியவை கோடாக்ஸ் நிறுவனத்தின் இரண்டு மாடல்கள்: டிடி685, வி860 இரண்டாம் பதிப்பு. இரண்டுக்கும் கைடு நம்பர், அதாவது வெளிச்சத்தின் வலிமையைக் காட்டும் எண், 60. தூரத்திலிருந்து இயக்கும் ரேடியோ முறையும் ஒன்றே. பேட்டரி போடும் இடத்தில்தான் பாதை பிரிகிறது. முதலாவதில் நாலு ஏஏ செல் போடவேண்டும், இரண்டாவதில் விபி18 என்ற லித்தியம் அயான் பேட்டரி. நான் ஏஏ பக்கம் போனேன். இன்றும் எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

லித்தியம் எதில் ஜெயிக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. விபி18 என்பது 11.1 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி, அதாவது உள்ளே சேமிக்கும் ஆற்றல் சுமார் 22 வாட் மணி. 1900 மில்லி ஆம்பியர் மணி ஏஏ செல் நாலைச் சேர்த்தாலும் 9 வாட் மணிதான் வரும். முழு சக்தியில் அடித்தால் லித்தியம் மாடலில் 650 ஃபிளாஷ், ஏஏ மாடலில் 230 என்பது நிறுவனம் தரும் கணக்கு. அந்த 230கூட 2500 திறன் உள்ள செல் போட்டால்தான். அடுத்த ஃபிளாஷுக்குத் தயாராக லித்தியம் மாடலுக்கு ஒன்றரை நொடி, ஏஏ மாடலுக்கு 2.6 நொடி வரை. உயரமான மண்டபக் கூரையில் வெளிச்சத்தை மோதவிட்டு, ரிசப்ஷன் வரிசை முழுவதையும் எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆனால் நம் வேலை வருடம் முழுக்க ஓடுவதில்லை. ஆடி வந்தால் முகூர்த்தம் நின்றுவிடும், மார்கழியிலும் அப்படித்தான். ஃபிளாஷ் பையில் சும்மா கிடக்கும் அந்த மாதங்களில் பேட்டரிக்கு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

லித்தியம் அயானுக்கு முழு சார்ஜோடு சும்மா இருப்பது பிடிக்காது. ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டில் நிற்க, கூடவே வெயில் காலத்து அலமாரிச் சூடும் சேர்ந்தால், உள்ளே திறன் மெல்ல மெல்லக் குறைகிறது. அப்படிக் குறைந்தது திரும்பி வராது. காலியாக விட்டு வைப்பது அதைவிட மோசம். வோல்டேஜ் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால் பாதுகாப்பு சர்க்யூட் வழியை அடைத்துவிடும், சார்ஜரும் ஏற்க மறுக்கும். பாதியளவு சார்ஜில், சூடில்லாத இடத்தில் வைக்கவேண்டும். முகூர்த்தம் தள்ளிப்போனால் முழுதாக ஏற்றி வைத்ததைக் கொஞ்சம் இறக்கவும் வேண்டும். செய்ய முடியாத காரியமில்லை, ஆனால் ஒவ்வொரு வேலை முடிந்த பிறகும் நினைவு வைத்துச் செய்யவேண்டும்.

நான் போடும் சார்ஜ் செய்யக்கூடிய ஏஏ, அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கு இந்தக் கவலை இல்லை. முழுதாக ஏற்றி டப்பாவில் போட்டுவிடலாம். பழைய வகை சும்மா இருந்தே வடிந்துவிடும் என்பது உண்மைதான். 2005-இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் என்ற செல் அந்தக் குறையைத் தீர்த்தது. இப்போது அதை விற்கும் பானசோனிக், பத்து வருடம் கழித்தும் 70 சதவீதம் மிச்சமிருக்கும் என்கிறது. ஆடி தொடங்கும்போது ஏற்றியது ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தாராளமாக இருக்கும். நான் முதல் நாள் இரவு ஒருமுறை சார்ஜரில் போட்டு எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

பராமரிப்பே வேண்டாம் என்று அர்த்தமில்லை. நாலு செல்லும் வரிசையாக இணைந்து வேலை செய்கின்றன. அதில் பலவீனமானது முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதற்குள் மின்சாரத்தைத் தலைகீழாகத் தள்ளும், அந்த செல் நிரந்தரமாகக் கெடும். அதனால் நாலு நாலாகப் பிரித்து, மார்க்கரில் அ, ஆ, இ என்று எழுதி, ஒரு செட்டை எப்போதும் ஒன்றாகவே ஏற்றி ஒன்றாகவே இறக்குவேன். பழையதும் புதியதும் கலக்கக்கூடாது, வேறு வேறு கம்பெனியும் கலக்கக்கூடாது. ஃபிளாஷ் தயாராக நேரம் இழுக்க ஆரம்பித்தால் உடனே செட்டை மாற்றிவிட வேண்டும். 'இன்னும் நாலு படம்தானே' என்று பிழிவதில்தான் செல்கள் போகின்றன.

சார்ஜர் வாங்கும்போது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டிரண்டாக, மணிக்கணக்கு வைத்து ஏற்றும் மலிவான சார்ஜர் ஒன்றைக் குறையாகவும் ஒன்றை அளவுக்கு மீறியும் ஏற்றும். திறனை அளந்து காட்டும் சார்ஜராக இருந்தால் இன்னும் நல்லது. எந்த செல் தளர்ந்திருக்கிறது என்று எண்ணாகவே தெரியும். அந்த ஒன்றை எடுத்துவிட்டு, அதே கம்பெனியில், ஏறக்குறைய அதே திறன் காட்டும் இன்னொன்றைப் போட்டு செட்டை ஓட்டலாம். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இதுதான். விபி18-க்குள்ளும் வரிசையாக இணைந்த செல்கள்தான் இருக்கின்றன, ஆனால் மூடி ஒட்டப்பட்டவை. ஒன்று தளர்ந்தால் மொத்தப் பேட்டரியும் குப்பைக்கு.

அப்படித் தூக்கிப்போட்ட பிறகு அதே பேட்டரி கிடைக்க வேண்டுமே. வி860-இன் மூன்றாம் பதிப்பு 7.2 வோல்ட் விபி26-க்கு மாறிவிட்டது. அது பழைய ஃபிளாஷில் பொருந்தாது. ஏஏ அளவோ 1947-இல் தரப்படுத்தப்பட்டது, இன்றுவரை மாறவில்லை. அவசரத்துக்கு மண்டபத்துக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் ஆல்கலைன் செல் வாங்கிப் போட்டாலும் ஃபிளாஷ் மெதுவாகவாவது அடிக்கும். பழைய ஃபிளாஷை விற்கப்போனாலும் இதே கதைதான். லித்தியம் மாடலுக்கு வாங்குபவர் முதலில் கேட்பது பேட்டரியின் நிலைமையை, ஏஏ மாடலில் அந்தக் கேள்வியே எழாது.

எனலூப்பிலேயே திறன் கூடிய புரோ வகை பற்றிக் கேட்பார்கள். 2500 திறன் ஆசை காட்டும், ஆனால் 500 முறை சார்ஜ்தான் என்கிறது நிறுவனம். சாதாரண வெள்ளை எனலூப்புக்கு 2100 முறை. புரோவை நான் நீண்டநாள் ஓட்டிப் பார்த்ததில்லை, எண்களை வைத்துத்தான் வெள்ளையை எடுத்தேன். சார்ஜ் செய்யக்கூடிய 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ செல்களை ஃபிளாஷில் போட்டுப் பார்த்த அனுபவமும் எனக்கில்லை. ஃபிளாஷ் ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் கேட்கும் கருவி. அதனால் அதன் கையேட்டில் லித்தியம் ஏஏ பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்காமல் போடவேண்டாம்.

வாரம் தவறாமல் வேலை இருப்பவர், ஆடியிலும் கம்பெனி நிகழ்ச்சி, பிறந்தநாள் என்று ஓடுபவர், லித்தியம் வாங்கலாம். அவர் பேட்டரி சும்மா கிடக்கப்போவதில்லை. வாங்கினால் விபி26 போடும் புதிய பதிப்பாக வாங்கி, பேட்டரி இரண்டு வைத்து மாற்றி மாற்றி ஓட்டட்டும்.